சைவ ஓட்டலில் கடல் மீன்

மங்கையர்க்கரசி பவன்
உயர்தர சைவ உணவகம்
தெற்கு ரத வீதி, சங்கரன்கோவில்
21-5-1984

பெறுநர்: அதிகாரி அவர்கள், மீன் ஆய்வுக்கூடம், தூத்துக்குடி.

ஐயா,

வணக்கம். மேற்படி முகவரியில் பன்னிரண்டு வருடமாக சைவ ஓட்டல் நடத்திவருகிறேன். எதிர்சாரியில் கடை வைத்திருக்கும் சங்கரசுப்பு என்பவர் கலர் டி.வி.யும் வீடியோவும் வாங்கி வைத்து, ஒரு காபி குடித்தால் அரைப் படம் காட்டுகிறார். அதிலிருந்து என் கடையில் ஈ இல்லை. ஈ இல்லாதது சுகாதாரம். ஆளும் இல்லை என்பதுதான் வருத்தம்.

வருகிற ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஜனத்தை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று மதுரையில் சொல்லிச் செய்து கொண்டுவந்திருக்கிறேன். அதில் கடல் மீன் விடுவதாக உத்தேசம். குளத்து மீனை எல்லாரும் பார்த்தாயிற்று. உப்பு லாரி ஓட்டும் முகம்மது மைதீன் பத்து கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டார். "உப்பும் கொண்டாந்து உப்புத் தண்ணியும் கொண்டாறீரே வே" என்று பஸ் ஸ்டாண்டே சிரித்ததாம்.

நாளையே மீன் விடலாமா என்று தெரிவிக்கவும். இந்த விஷயம் தெரிந்த பெண் ஊழியர் ஒருவர் தங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதாகக் கேள்வி. அவர்தான் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினாலும் ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
சு. குற்றாலநாதன்


தூத்துக்குடி
25-5-1984

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாளையே மீன் விடக் கூடாது. நாளை விட்டால் நாளன்றைக்கு எடுத்துப் புதைக்க வேண்டிவரும்.

மீன் கழிக்கும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அது விஷம். கடலில் அதைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. உங்கள் தொட்டியில் இன்னும் இல்லை. அவை வந்து குடியேற ஆறு வாரமாவது ஆகும். அதற்கு முதலில், தொட்டியின் அடியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் சிப்பித் தூளும் பவளச் சில்லும் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். காற்றடிக்கும் மோட்டாரைப் பொருத்தி, தண்ணீர் அந்த மணலுக்குள் புகுந்து வருமாறு ஓடவிடுங்கள். பிறகு கிருமிக்குத் தீனி வேண்டும். ஓர் இறாலைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் போட்டு அழுக விடவும்.

இப்படிக்கு,
காந்திமதி, ஆய்வு உதவியாளர்

பின்குறிப்பு: அண்ணன், உறையில் "அதிகாரி அவர்கள்" என்று எழுதினாலும் கையெழுத்து உங்களுடையதுதான். நான் கல்யாணம் பண்ணி நான்கு வருடமாயிற்று. போட்ட கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. இப்போது எனக்கு வந்திருக்கும் முதல் கடிதத்தில் "ஐயா" என்று இருக்கிறது. பரவாயில்லை. மதினி சௌக்கியமா?


சங்கரன்கோவில்
30-5-1984

அம்மையீர்,

இறாலா!

தங்கள் கடிதம் வந்த நேரம் நான் சமையல்கட்டில் இருந்தேன். சப்ளையர் வெள்ளத்துரை அதைப் பிரித்து, கல்லாவில் நின்றபடி ஊருக்கே கேட்கும்படி வாசித்துவிட்டான். "அண்ணாச்சி, ஒரு இறால வாங்கித் துணியில முடிஞ்சு அழுக விடணுமாம்!" ரிட்டையர்டு தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் பிள்ளை, கையில் எடுத்த இட்லியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்திவிட்டார். "என்ன வே குற்றாலம், எப்பம் மிலிட்டரி ஓட்டலா மாத்துனீரு?" என்று கேட்டுவிட்டு இலையை மூடினார். பன்னிரண்டு வருடமாக தினமும் நான்கு இட்லி சாப்பிடுகிறவர்.

வீட்டில் நெல்லையம்மாள், "கடைக்குள்ள இறால் வந்துச்சுன்னா நான் வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்கிறாள். ஆகவே இறால் இல்லாத வழி ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும். வெண்டைக்காய் ஆகுமா?

அரசாங்க ஆய்வுக்கூடத்துத் தபாலில் "அண்ணன்" முதலான சொற்களைப் பயன்படுத்துவது முறையல்ல.

சு. குற்றாலநாதன்

பி.கு: அவள் சௌக்கியம்.


தூத்துக்குடி
4-6-1984

அண்ணன் அவர்களுக்கு,

இது அரசாங்கத் தபால் இல்லை, இன்லண்ட் லெட்டர். ஆகவே அண்ணன் என்றுதான் எழுதுவேன்.

வெண்டைக்காய் ஆகாது. தண்ணீர் கொழகொழத்துப் போகும். நவச்சாரம் ஆகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தேய்ப்பார்களே, அதேதான். ஆனால் ஈயக்காரரிடம் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்குமோ. ஆய்வுக்கூடத்துச் சுத்தமான சரக்கை மைதீன் பாயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கால் ஸ்பூன் போதும். கூடவே மூன்று சொட்டு மருந்துக் குப்பிகள் இருக்கும். "1" என்று எழுதியது அம்மோனியா பார்க்க; விட்டால் மஞ்சளாகும். "2", "3" இரண்டும் நைட்ரைட் பார்க்க, விட்டால் சிவப்பாகும். மூன்றும் விஷம். கடையில் வைக்காமல் பூட்டி வையுங்கள். சோதித்த தண்ணீரை மறுபடி தொட்டியில் ஊற்றாதீர்கள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இரண்டு பந்தி நடக்கிறது. முதல் பந்திக்காரக் கிருமி அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டைப் போட்டுவிட்டுப் போகும். அதுவும் விஷம். அதைத் தின்ன இரண்டாவது பந்திக்காரன் வர வேண்டும். அவன் நைட்ரேட்டை விட்டுப் போவான். அது அவ்வளவு கெடுதல் இல்லை. முதல் பந்தி முடியாமல் இரண்டாவது பந்தி உட்காராது. இரண்டும் முடியாமல் மீனை விடக் கூடாது.

பால் பார்க்கிற லாக்டோமீட்டர் கடையில் இருக்குமே. அதைத் தொட்டித் தண்ணீரில் விட்டு தினமும் எண்ணைக் குறித்து வையுங்கள். முதல் நாள் என்ன காட்டுகிறதோ அதுவே என்றைக்கும் இருக்க வேண்டும்.

காந்திமதி


சங்கரன்கோவில்
16-6-1984

காந்திமதிக்கு,

நவச்சாரம் போட்டாயிற்று. வைத்தியலிங்கம் பிள்ளையை அழைத்துவந்து அவர் கையாலேயே போடச் சொன்னேன். மோந்து பார்த்துவிட்டு, "இது சைவந்தான்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். மறுபடி இட்லிக்கு வருகிறார்.

ஒன்றாம் நம்பர் மருந்து விட்டதும் மஞ்சளாயிற்று. எலுமிச்சைச் சாதம் மாதிரி. இரண்டும் மூன்றும் விட்டால் ரோஸ்மில்க்.

லாக்டோமீட்டர்தான் மானத்தை வாங்குகிறது. முதல் நாள் இருபத்துமூன்று காட்டியது. இன்று இருபத்தொன்பது. பால் கொண்டுவரும் பூமாரி பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். "என்ன அண்ணாச்சி, வெறும் உப்புத் தண்ணியில இருவத்தொம்பது நிக்கி! எம் பாலுல இருவத்தாறு நின்னா மட்டும் தண்ணி ஊத்திட்டேன்னு கூட்டத்தக் கூட்டுதியளே!" என்று ஒரே சத்தம். எண் ஏன் ஏறுகிறது? தண்ணீர் வற்ற வற்ற நான் ஒழுங்காகக் கடல் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

தபசுக்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்லை. ஒன்றிரண்டு மீன் மட்டும் விட்டுப் பார்க்கலாமா?

குற்றாலநாதன்


தூத்துக்குடி
20-6-1984

அண்ணன் அவர்களுக்கு,

அங்கேதான் தப்பு. வெயிலுக்கு ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கேயும் போகாது, தொட்டியிலேயே கிடக்கும். அதன்மேல் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஏறாமல் என்ன செய்யும்? சாம்பார் சுண்டிவிட்டால் உப்புக் கரைத்தா ஊற்றுவீர்கள்? கொதிக்கவைத்து ஆற்றிய நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். ஏறியதை ஒரே நாளில் இறக்காதீர்கள். தினம் இரண்டு செம்பு எடுத்துவிட்டு இரண்டு செம்பு நல்ல தண்ணீர். பூமாரியிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

ரோஸ்மில்க் என்றால் எந்த ரோஸ்மில்க்? உங்கள் கடையில் தருகிற வெளிறிய சரக்கா, கோவில் வாசலில் விற்கிற கடும் சிவப்பா? இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம் இருக்கிறது.

மீனைப் பற்றி. விடக் கூடாது. ஒன்றும் கூடாது, இரண்டும் கூடாது.

காந்திமதி

பி.கு: "காந்திமதிக்கு" என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன்.


சங்கரன்கோவில்
30-6-1984

காந்திமதிக்கு,

ரோஸ்மில்க் கோவில் வாசல் சரக்குத்தான்.

ஒரு பொதுவான சந்தேகம். ஒரு பேச்சுக்கு, யாரோ ஒருவர் அவசரப்பட்டு மூன்று மீனைத் தொட்டியில் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்ய வேண்டும்? பக்கத்து ஊர் திருவேங்கடத்தில் ஒருவர் கேட்கிறார்.

கடிதம் கண்டதும் பதில் போடவும்.

குற்றாலநாதன்


தூத்துக்குடி
3-7-1984

அண்ணன் அவர்களுக்கு,

திருவேங்கடத்துக்காரரிடம் சொல்லுங்கள்: கடிதம் போய்ச் சேருவதற்குள் மூன்றும் செத்திருக்கும்.

நேற்று மைதீன் பாய் வந்தார். "உங்க அண்ணாச்சி மூணு மீனு வேணும்னு கேட்டாரும்மா, துறைமுகத்துப் பையங்ககிட்ட வாங்கிக் கொடுத்தேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தார்.

நான்கு வருடம் முன்னால் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "உயிரக் கொன்னு திங்கிற வீட்டுக்குப் போறவ எனக்குத் தங்கச்சி இல்ல." என் வீட்டுக்காரர் கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர். இங்கே மீன் பிடிக்கிறோம், ஆக்குகிறோம், சாப்பிடுகிறோம். மறைக்கவில்லை. ஆனால் எதிர்க்கடை வீடியோவுக்குப் போட்டியாக, மூச்சு எரிந்து சாகட்டும் என்று ஒரு மீனையும் நாங்கள் விட்டதில்லை. கூடாது என்று மூன்று தடவை எழுதியும் கேட்கவில்லை. என் சொல்லை என்றைக்குத்தான் கேட்டீர்கள்?

இனி உங்கள் தொட்டி, உங்கள் பாடு.

காந்திமதி


சங்கரன்கோவில்
9-7-1984

அன்புள்ள காந்திமதிக்கு,

திருவேங்கடத்தில் யாரும் இல்லை. நான்தான்.

இரண்டு மீன் மறுநாள் காலையிலேயே போய்விட்டன. மூன்றாவது, உள்ளங்கை அளவு மஞ்சள் மீன், மத்தியானம் வரை இருந்தது. நான் ஸ்டூல் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் என்னைப் பார்த்தபடியே வாயை வாயைத் திறந்தது. ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. நான் பிறந்ததிலிருந்து ஓர் உயிர் போவதை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதுவும் நானே கொன்ற உயிர். வெள்ளத்துரை பக்கெட்டோடு வந்து, "அண்ணாச்சி, எடுத்துப் போட்டுரட்டா?" என்றான். அவனை அதட்டிவிட்டு, நானே எடுத்துக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

கையோடு கடையை அடைத்தேன். கேட்டவர்களிடம், "சொந்தத்துல ஒரு சாவு" என்றேன். வேறு என்ன சொல்ல? "எந்த ஊருல?" என்று கேட்டார்கள். வாய் தவறி "தூத்துக்குடிப் பக்கம்" என்றுவிட்டேன்.

கால் மணி நேரத்தில் வைத்தியலிங்கம் பிள்ளை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம காந்திமதியா வே?" என்றார்.

அப்படிக் கேட்டதும், "வாயக் கழுவும் வே! எந்தங்கச்சி நல்லா இருக்கா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். நான்கு வருடத்தில் உன்னைப் பற்றி நான் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது. உள்ளே நெல்லையம்மாள் அழுதுகொண்டிருந்தாள். மீனுக்கா உனக்கா என்று கேட்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னேன். "மீனுக்கா வே கடைய அடைச்சீரு?" என்று பிள்ளை ஒரு நாழிகை சிரித்தார். சிரித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு எழுதும் வே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நான் சொன்னது தப்பு. எழுத வேண்டாம் என்று நீ சொன்னால் இனி எழுதவில்லை. தொட்டியை மட்டும் காலி செய்ய மனமில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் அண்ணன்,
குற்றாலநாதன்


தூத்துக்குடி
14-7-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

மைதீன் பாயிடம் ஒரு தூக்குவாளி வரும். குலுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக ஓடுகிற தொட்டியின் அடிமணல், அதிகாரியிடம் கேட்டு எடுத்தது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி அதை உங்கள் மணல்மேல் பரப்பிவிடுங்கள். இரண்டு பந்திக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். கடலில் இருப்பவைதான், ஆனால் இறால் இல்லை. மதினிக்கு ஆட்சேபணை இருக்காது.

மஞ்சள் அற்றுப்போய், அதற்குப் பிறகு சிவப்பும் அற்றுப்போய், இரண்டும் ஐந்து நாள் நிறம் மாறாத வெறும் தண்ணீராகவே நிற்க வேண்டும். அதன்பின் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். மீனுக்காகக் கடையை அடைத்தீர்கள் என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மஞ்ச மீனா? அது கடலடிக் கல்லுப் பாருல இருக்கது, பாவம்" என்றார்.

எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் மேரி கோமதி. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

காந்திமதி


சங்கரன்கோவில்
30-7-1984

அன்புள்ள காந்திமதிக்கு,

மஞ்சள் பதினெட்டாம் தேதியே போய்விட்டது. சிவப்பு மட்டும் போவேனா என்றது. முதலில் கோவில் வாசல் ரோஸ்மில்க், பிறகு நம் கடை ரோஸ்மில்க், பிறகு சங்கரசுப்பு கடை ரோஸ்மில்க் (அதில் ரோஸும் இருக்காது, மில்க்கும் இருக்காது). இருபத்தைந்தாம் தேதி ஒன்றுமே இல்லை. ஐந்து நாளாயிற்று, அப்படியே நிற்கிறது. லாக்டோமீட்டர் இருபத்துமூன்று. பூமாரிக்கு ஒரு மாதப் பாலுக்கு வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று இருபத்திரண்டு நின்ற பாலை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மீனே இல்லாத தொட்டியை ஜனம் வந்து பார்க்கிறது. "அண்ணாச்சி, மீனு எங்க?" என்று கேட்டால் வெள்ளத்துரை, "கிருமி இருக்குல்லா, உத்துப் பாரும்" என்கிறான். ஓட்டலில் சொல்லக்கூடிய பேச்சா அது?

கோமதி என்று நம் ஊர் அம்பாள் பெயரை வைத்திருக்கிறாய். நெல்லையம்மாள் இரண்டு நாளாக அதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். பிள்ளைக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று கேட்கச் சொன்னாள்.

இனி மீன் விடலாமா? நீ சொன்னால்தான்.

குற்றாலநாதன்


தூத்துக்குடி
3-8-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

விடலாம். மூன்று, புளியங்கொட்டை பருமனில், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டவை. முரட்டு ஜாதி. மற்றது ஒரு மாதம் கழித்து.

இவரே முங்கிப் பிடித்துத் தருகிறார். ஆனால் இந்தத் தடவை மைதீன் பாயிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். காற்று அடைத்த பையில் வைத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு வர வேண்டும். இவர்தான் வருவார். மழித்து, வெள்ளை வேட்டி கட்டித்தான் வருவார், ஆனால் கடல்காரர் கடல்காரராகத்தான் இருப்பார். தபசுக் கூட்டத்தில், ஊர் முன்னால், உங்கள் கடை வாசலில் அவரைப் பார்த்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். கொல்லை வழியாக வரச் சொல்வதாக இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள். மீன் கடலிலேயே இருக்கட்டும்.

கோமதிக்கு அதிரசம்.

காந்திமதி


சங்கரன்கோவில்
5-8-1984

காந்திமதி,

மாப்பிள்ளை கடைக்கு வர வேண்டாம்.

நேராக வீட்டுக்கு வரட்டும். மூன்று பேருமாக வாருங்கள். தபசுக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். அதிரசத்துக்கு மாவு இடித்தாயிற்று.

மீன் கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

அண்ணன்


சங்கரன்கோவில்
14-8-1984

அன்புத் தங்கை காந்திமதிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. மூன்று மீனும் சுகம். கொஞ்சம் சண்டை போடுகின்றன, குடும்பம் என்று தெரிகிறது.

தபசு அன்று சாயங்காலம் நீயும் மதினியும் கோமதியைத் தூக்கிக்கொண்டு அம்பாளைப் பார்க்கப் போனீர்களே, அப்போது கடையில் நடந்ததை மாப்பிள்ளையிடம் கேட்டிருப்பாய். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். எட்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். ஆகவே நான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பத்தாவது நிமிடம் கரண்டு போயிற்று. மோட்டார் நின்றது. எதிரே வீடியோவும் நின்றது. படத்தில் கல்யாணம் நடக்கப்போகிற நேரமாம். சங்கரசுப்பு கடையிலிருந்து ஒரே ஊளை. எனக்கு அந்த மஞ்சள் மீனின் வாய்தான் கண் முன்னால் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை சமையல்கட்டுக்குள் போய்ப் புதுச் செம்பு ஒன்றை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டூலில் ஏறினார். தொட்டியில் மொண்டு, ஒரு முழம் தூக்கி, மெள்ள ஊற்றினார். மறுபடி மொண்டு, மறுபடி ஊற்றினார். காபி ஆற்றுகிற மாதிரியே! "காத்து சேரணும்லா மச்சான்" என்றார். என்னை அவர் மச்சான் என்றது அதுதான் முதல் தடவை. நானும் இன்னொரு செம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்று ஆற்ற ஆரம்பித்தேன்.

வீடியோ நின்றுபோன கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. வாசல், படி, தெரு எல்லாம் தலை. எங்களுக்குள் யார் வேகமாக ஆற்றுகிறார் என்று இரண்டு கட்சி கட்டிக் கத்தினார்கள். சங்கரசுப்புவே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "புடியும் வே, மீனு தெரியணும்லா" என்று கொடுத்துவிட்டு, தானும் நின்று பார்த்தார்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர், மேலநீலிதநல்லூர் ஆள் என்று நினைக்கிறேன், "அண்ணாச்சி, அது யாரு? புது டீ மாஸ்டரா? ஆத்துத கைய பாரும்!" என்று கேட்டார்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நம் வீட்டு விஷயம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியுமே. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஆற்றினார். ஆனால் செம்பு ஒரு கணம் நின்று, பிறகுதான் கவிழ்ந்தது. அதை நான் பார்த்தேன்.

"மாஸ்டர் இல்ல வே," என்றேன். "எந்தங்கச்சி மாப்பிள்ள. பேரு சிலுவை பர்னாந்து. கடலுக்கடியில போயி மூச்சடக்கிச் சங்கு எடுக்கவரு. நம்ம கோவில்ல ஊதுத சங்கெல்லாம் இவுக ஆளுக எடுத்ததுதான், தெரியும்லா?"

வைத்தியலிங்கம் பிள்ளை முன் பெஞ்சிலிருந்து, "அப்பம் நல்லா ஆத்துவாரு" என்றார். அவ்வளவுதான். ஒருவரும் எழுந்து போகவில்லை. சாம்பார்தான் தீர்ந்துபோயிற்று.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. சங்கரசுப்பு கடையில் படம் ஓட ஆரம்பித்தும் பாதிப் பேர் திரும்பிப் போகவில்லை. கோவிலிலிருந்து திரும்பிய உங்களுக்குச் சோறு எடுத்துவர நான் உள்ளே போனபோது கை தூக்க முடியவில்லை. இன்னும் தோள் வலிக்கிறது. அவருக்கு வலிக்கிறதா என்று கேட்டு எழுது.

பிறகு, தொட்டிக் கண்ணாடியில் பழுப்பாகப் பாசி மாதிரி ஒன்று படர்கிறது. சுரண்டலாமா? நைட்ரேட் என்கிறாயே, அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு தண்ணீர் மாற்றி இறக்க வேண்டும்? இன்னும் இரண்டு சந்தேகங்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
குற்றாலநாதன்


தூத்துக்குடி
18-8-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இவர் கேட்டார் என்று சத்தமாக வாசித்தேன். "மாஸ்டர் இல்ல வே" என்ற இடம் வந்ததும் வலை பின்னுகிற கையை நிறுத்தினார். வாசித்து முடித்ததும், "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அதுல எம் பேரு முழுசா எழுதியிருக்காரா?" என்று கேட்டார். முழுசாக எழுதியிருக்கிறது என்று காட்டினேன். மூன்றாவது தடவையும் படித்தேன்.

இன்று காலையில் கடிதத்தைக் காணோம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதலில் அவருடைய அம்மா வீட்டில் காட்டினாராம். அங்கிருந்து படகுத்துறைக்குப் போயிருக்கிறது. சற்று முன்னால் பக்கத்து வீட்டு அக்காள் வந்து, "ஒங்க அண்ணன் நல்லா எழுதுதாருல்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடிதம் இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. திரும்பி வரும் என்றும் தோன்றவில்லை.

ஆகவே பாசியைச் சுரண்டலாம். நீங்கள் கேட்டதில் அது மட்டும் நினைவிருக்கிறது. மற்ற சந்தேகங்களை இன்னொரு முறை எழுதி அனுப்புங்கள், தனித் தாளில்.

அவருக்கும் தோள் வலிதான். வெளியே சொல்ல மாட்டார்.

காந்திமதி